கேள்வி கேட்காதே, கோமதி

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மஞ்சக்குப்பம் வீட்டுக்கு ஒருவழியாக வெள்ளையடித்து முடித்துவிட்டாய், மாடியறையைப் பேரப்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியும் விட்டாய். சந்தோஷம். முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதவே இல்லை. மாடிப்படி ஏறாதே என்று சொல்லியிருப்பார், எனக்குத் தெரியாதா உன்னை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. சின்னவன் பெங்களூரிலேயே வீடு வாங்கப் பார்க்கிறான். இனிமேல் தீபாவளி பொங்கலுக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். லீவுக்கு வருகிற பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, நீதான் தெருப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏதோ செய்கிறாயே, என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் போட்டு அனுப்பு என்கிறாய். வாங்குவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒன்றை நிறுத்து. பிள்ளை புத்தகத்தை மூடிய கையோடு ‘என்ன படிச்சே, கதையோட நீதி என்ன?’ என்று கேட்கிறாய் பார், அதை.

என் அண்ணன் பேத்தி படிக்கிற பள்ளியில் லீவுக்கு ஒரு நோட்டு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், அறிந்துகொண்ட நீதி, பெற்றோர் கையெழுத்து. இத்தனை புத்தகத்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று கடைசிப் பக்கத்தில் கட்டம் வேறு. அந்தப் பெண் என்ன செய்தது தெரியுமா? வீட்டிலிருந்த புத்தகங்களிலேயே ஒல்லியாக இருப்பதைத் தேடி எடுத்து, பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதி, நீதி என்ற இடத்திலெல்லாம் ‘நேர்மை’ என்று போட்டு நோட்டை முடித்துவிட்டது. கெட்டிக்காரி. ஆனால் ஒரு புத்தகமும் படிக்கவில்லை.

நம்மை யாராவது இப்படிக் கேட்டார்களா? அம்புலிமாமா வந்தால் யார் முதலில் படிப்பது என்பதில்தான் சண்டை. வேதாளம் கேள்வி கேட்கும், ஆனால் விக்கிரமாதித்தனைத்தான் கேட்கும், நம்மைக் கேட்காது. தலை வெடித்தால் அவன் தலைதானே.

பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா குடும்பம், அதுதான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள் குடும்பம், இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். அவள்தான் டானியல் பென்னாக் என்ற எழுத்தாளரைப் பற்றிச் சொன்னாள். பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்தவராம். 1992-இல் எழுதிய ஒரு நூலில் வாசகருக்குப் பத்து உரிமைகள் என்று வரிசை போட்டிருக்கிறார். முதல் உரிமையே படிக்காமல் இருக்கிற உரிமை! பக்கம் தாண்டிப் போகலாம், பாதியில் விட்டுவிடலாம், படித்ததையே திரும்பப் படிக்கலாம், எதை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் படிக்கலாம் என்று போகிறது. பத்தாவது, படித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கிற உரிமை. அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி, புத்தகப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவைத்தேன். பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ‘நெஜமாவா ஆயா? பாதியில விட்டா திட்ட மாட்டியா?’ என்று மாறி மாறிக் கேட்டார்கள்.

பெட்டி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. ஆப்பிள் வருகிற அட்டைப்பெட்டிதான். சனிக்கிழமை மத்தியானம் திண்ணையில் கொண்டுவந்து வைப்பேன். முதுகு தெரிய அடுக்கிவைத்தால் ஒருத்தரும் எடுப்பதில்லை. அட்டைப்படம் தெரியத் தரையில் பரப்பிவைத்தால் எடுக்கிறார்கள். யார் எதை எடுத்தார்கள் என்று நான் குறித்துக்கொள்வதில்லை. சில புத்தகங்கள் திரும்பி வருவதில்லை. போகட்டும், யார் வீட்டிலோ இருக்கிறது.

சோலை நகரிலிருந்து ஒரு பையன் வருவான். மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, ஆறாவது படிக்கிறான். வருவான், பந்து வாங்கிக்கொண்டு போவான், புத்தகத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். ஒரு நாள் கடலைப் பற்றிய படக்கதை ஒன்று கீழே கிடந்தது. நின்று பார்த்தவன், ‘ஆயா, இதுல வஞ்சிரம்னு எழுதியிருக்கு, இது சூரை’ என்றான். எப்படிடா சொல்கிறாய் என்றேன். ‘வஞ்சிரம் தட்டையா நீளமா இருக்கும். இது பாரு, உருண்டையா திம்முனு இருக்கு’ என்று விரலால் படத்தின் வயிற்றைத் தடவிக் காட்டினான். வேறென்ன தப்பு இருக்கிறது பார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். முழுப் புத்தகத்தையும் உட்கார்ந்து படித்தான், தப்புக் கண்டுபிடிக்க. அடுத்த வாரம், ‘மீனு இருக்கிற புக்கு வேற இருக்கா?’ என்றான். எந்தப் பிள்ளைக்கும் ஏதோ ஒன்று நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அதைப் பற்றிய புத்தகத்தைக் காலில் இடறுகிற மாதிரி போட்டுவை, போதும்.

உன் எட்டு வயதுக்காரியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அந்த வயதுக்கு இப்போது நம் காலத்தைவிட நல்ல புத்தகங்கள் கிடைக்கின்றன. துலிகா பதிப்பகத்தில் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கிற படப்புத்தகங்கள் போடுகிறார்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு அது வசதி, தமிழில் தடுக்கினால் கீழே பார்த்துக்கொள்ளும். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை மலிவு. அப்புறம் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற தளம் இருக்கிறது. தமிழ்க் கதைகளைப் படத்தோடு இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எளிதிலிருந்து கடினம் வரை படி படியாகப் பிரித்திருக்கிறார்கள். அச்செடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதி உண்டு. நான் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து நடுவில் பின் அடித்துக் கொடுத்துவிடுவேன், பிள்ளைகளே வண்ணம் தீட்டிக்கொள்வார்கள். பேத்தியிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இரண்டாவது பக்கத்திலேயே யூடியூபுக்குப் போய்விடுவாள்.

படித்துக் காட்டுகிற பழக்கத்தையும் விடாதே. எழுத்துத் தெரிந்த பிள்ளைக்கு எதற்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று உன் மகள் கேட்பாள். காதில் விழுகிற கதை, பிள்ளை தானாகப் படிக்கிற கதையைவிடப் பெரியதாக இருக்கலாம், அதற்குத்தான். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கதை சூடு பிடிக்கிற இடத்தில், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விடு. புத்தகத்தைத் திறந்தபடியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போ. திரும்பி வரும்போது அது இருந்த இடத்தில் இருக்காது.

பதினான்கு வயதுப் பையன் விஷயம்தான் கஷ்டம். அதற்கு அவன் மட்டும் காரணம் இல்லை. தமிழில் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் இருக்கிறது, பெரியவர்களுக்கு இருக்கிறது. நடுவில் பதின்மூன்றிலிருந்து பதினாறு வரை இருக்கிறவர்களுக்கென்று எழுதுகிறவர்கள் குறைவு. யானையும் முயலும் பேசுகிற கதையைக் கொடுத்தால் அவன் அவமானப்பட்டுப் போவான். நாம் எப்படித் தாண்டி வந்தோம் என்று யோசித்துப் பார். ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல். உன் மாமா மெத்தைக்கு அடியில் வைத்திருந்ததை எடுத்து, கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்தோமே. அப்புறம் சுஜாதாவின் கணேஷும் வசந்தும். வசந்த் அடிக்கிற ஜோக் பாதி புரியாமலேயே சிரித்தோம். அந்த வயதில் தன் வயதுக்கு ஒரு படி மேலே இருப்பதைப் படிக்கிறோம் என்கிற குறுகுறுப்புதான் ருசியே. உன் பேரனுக்கும் அந்தக் குறுகுறுப்பைக் கொடு. கணேஷ்-வசந்த் கதை ஒன்றை மேசையில் வைத்து, ‘இது உனக்கு இல்லை, தாத்தாவுக்கு’ என்று சொல். பொய் ஒன்றும் இல்லையே, அவரும் படிக்கட்டும்.

காமிக்ஸை மட்டமாக நினைக்காதே. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் வந்தது, லயன் 1984-இல். இன்றும் வருகின்றன, நல்ல தாளில். விலைதான் நம் காலத்து விலை இல்லை. தினத்தந்தியில் கன்னித்தீவு படித்தே எழுத்துக் கற்றுக்கொண்டவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர்! படம் பார்த்துப் படிப்பது படிப்பில்லை என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. ஆங்கிலத்தில்தான் படிப்பேன் என்றாலும் படிக்கட்டும். படிக்கிற ருசி எந்த மொழியில் ஒட்டினாலும் ஒட்டியதுதான். தமிழுக்கு அப்புறம் வருவான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் பொன்னியின் செல்வன் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சினிமா பார்த்துவிட்டுக் கதையில் என்ன மாற்றினார்கள் என்று தேடிப் படித்த பிள்ளைகள் இங்கே சிலர் உண்டு. முதல் பாகத்தோடு நிறுத்தியவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

விஞ்ஞானத்தில் ஆசை இருந்தால் துளிர் என்கிற சிறுவர் அறிவியல் பத்திரிகைக்குச் சந்தா கட்டு. 1987-இலிருந்து வருகிறது, தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் எங்கள் புதுவை அறிவியல் இயக்கமும் நடத்துவது. கோகுலம், சுட்டி விகடன் எல்லாம் நின்றுபோன காலத்தில் அது நிற்கவில்லை. பிள்ளையின் பெயருக்கே வரவழை. தபால்காரர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒன்றைக் கொடுப்பது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அனுபவம்.

நீயே தேர்ந்தெடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றால், சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைப் பார். 2010-இலிருந்து கொடுக்கிறார்கள். 2011-இல் தமிழுக்கு வாங்கியவர் எங்கள் ம.இலெ. தங்கப்பா. 2014-இல் வாங்கிய ஆயிஷா நடராசன் உன் கடலூர்க்காரர். பரிசு வாங்கிய புத்தகம் எல்லாமே பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று இல்லை. பரிசு கொடுப்பவர்கள் பெரியவர்கள்தானே. இருந்தாலும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதைவிட மேல்.

ஆனால் எல்லாவற்றையும் ஏன் வாங்க வேண்டும்? நீ கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது, ரசீதை எடுத்துப் பார். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் விடாமல் பாடுபட்டு 1948-இல் கொண்டுவந்த சட்டம் அது. உன் காசுதான் மாவட்ட மைய நூலகத்தில் புத்தகமாக இருக்கிறது, போய் வசூல் பண்ணு. இரண்டு பிள்ளைகளையும் அவரவர் பெயரிலேயே உறுப்பினராக்கு. உள்ளே போனதும் நீ வாசலுக்குப் பக்கத்தில் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடு. அவர்கள் பின்னாலேயே போகாதே. பேய்க்கதை எடுத்தால் எடுக்கட்டும், கிரிக்கெட் வீரர் வாழ்க்கையை மூன்றாவது முறை எடுத்தாலும் எடுக்கட்டும். எங்கள் ரோமன் ரோலண்ட் நூலகத்தில், அது 1827-இல் தொடங்கியது, குழந்தைகள் பிரிவில் இதைத்தான் பார்க்கிறேன். கூட வந்த அம்மா ‘அதை வை, இதை எடு’ என்று நின்றால் பிள்ளை இரண்டையும் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவிடுகிறது.

பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அழைத்து வா. காந்தி வீதி சந்தையில் துணிமணிக்கு நடுவே பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். கையில் நூறு ரூபாய் கொடுத்து, என்ன வாங்கினாலும் சரி என்று சொல்லி விட்டுவிடுவோம். நாம் அந்த நேரத்தில் நைட்டி பார்க்கலாம்.

போனைப் பற்றி நீ இரண்டு பக்கம் புலம்பியிருக்கிறாய். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. பிடுங்கி வைத்தால் புத்தகம் தண்டனை ஆகிவிடும், அதைமட்டும் செய்யாதே. வீட்டில் யாராவது ஒருவர் சும்மா உட்கார்ந்து படிப்பது பிள்ளைகள் கண்ணில் பட வேண்டும். நீ சீரியல் பார்த்துக்கொண்டு அவனைப் படி என்றால் எப்படிடி நடக்கும்?

இன்னொன்று. ஜூலை வாக்கில் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி இருக்கும். சனி ஞாயிறாகப் பார்த்து மகளிடம் பிள்ளைகளை அனுப்பச் சொல். நான் காலை பஸ்ஸில் கடலூர் வந்துவிடுகிறேன், சேர்ந்து போகலாம். தேதி தெரிந்ததும் எழுதாதே, போன் பண்ணு. கடிதம் வந்து சேர்வதற்குள் கண்காட்சி முடிந்துவிடும். பெரிய கட்டைப்பை இரண்டு எடுத்துக்கொள், என்னிடம் இருப்பதெல்லாம் காது அறுந்தவை.

அன்புடன்,
மல்லிகா