சிகாகோவுக்குப் போகாத ஆகஸ்ட்

எடிசன், நியூஜெர்சி
9 ஆகஸ்ட் 2020

அன்புள்ள நண்பனுக்கு,

உன் மின்னஞ்சல் கிடைத்தது. அம்மா காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்ற வரியைப் படித்த பிறகுதான் மற்றவற்றைப் படிக்க மனம் வந்தது. கொரோனாத் தொற்றால் வழக்கறிஞர் கவுன் ஐந்து மாதமாகப் பெட்டியிலேயே கிடக்கிறது என்றும், உன் ஜூனியர்களில் ஒருவர் ஊருக்குத் திரும்பி அப்பாவோடு வயலில் இறங்கிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அந்தப் பையனை விட்டுவிடாதே. வாரம் ஒருமுறையாவது அவனோடு பேசு. நம்மையும் அந்த வயதில் ஒருவர் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தார்.

அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். நடந்தது. ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 4 வரை, முழுக்க இணையத்தில். சிகாகோவில் கூடியிருக்க வேண்டியவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தோம். 1878இல் சரடோகா ஸ்பிரிங்ஸில் தொடங்கிய சங்கம் இது. அதன் ஆண்டுக் கூட்டம் இப்படி நடப்பது இதுவே முதல் முறை.

2018இல் சிகாகோ கூட்டத்துக்குப் போய் வந்து உனக்கு நீளமாக எழுதினேனே, நினைவிருக்கிறதா? மேடையில் யார் என்ன பேசினார் என்பது எனக்கு அப்போதே மறந்துவிட்டது. காபி வரிசையில் நின்றபோது அரசு செலவில் ஏழைகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் ஒருவர், லாக்கப்பில் இருக்கும் தன் கட்சிக்காரரிடம் முதல் ஐந்து நிமிடம் வழக்கைப் பற்றி எதுவுமே கேட்கக் கூடாது, சாப்பிட்டாரா, வீட்டுக்குச் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்க வேண்டும் என்றார். இன்றுவரை நான் அப்படித்தான் செய்கிறேன். இந்த முறை அந்தக் காபி வரிசை இல்லை. ஓர் அமர்வு முடிந்ததும் திரை இருண்டுவிடும். யாரோடும் நாலு வார்த்தை பேச வழியில்லை. ஆனால் விமானச் செலவும் ஓட்டல் செலவும் இல்லாததால், சிறிய ஊர்களில் தனியாளாகத் தொழில் நடத்துகிறவர்களும் கேள்வி கேட்டார்கள். அந்த லாபத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

கடைசி இரண்டு நாள், சங்கத்தின் கொள்கைகளை முடிவு செய்யும் பிரதிநிதிகள் அவை கூடியது. ஏறக்குறைய 600 பேர், மாநிலம் மாநிலமாக, திரை வழியாகவே பேசி, அப்படியே வாக்கும் அளித்தார்கள். தலைவர் ஜூடி பெரி மார்ட்டினெஸ் பதவியைப் பட்ரீஷியா லீ ரெஃபோவிடம் ஒப்படைத்தார். 1918 வரை பெண்களை உறுப்பினராகவே சேர்க்காத சங்கம் என்பதை எண்ணிக்கொண்டு பார்த்தேன்.

நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒரு தீர்மானத்தைப் பற்றி. காணொளி விசாரணையை யார்மீதும் கட்டாயமாகத் திணிப்பதானால், அவசர வழக்குகளோடும் தவிர்க்க முடியாத வழக்குகளோடும் அது நிற்க வேண்டும். மற்ற வழக்குகளில் கட்சிக்காரருக்கு விஷயத்தை விளக்கி, ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்து, சம்மதம் பெற்ற பிறகே நடத்த வேண்டும் என்று அவை கேட்டுக்கொண்டது. ஒரு வாரம் முழுவதும் திரையிலேயே கூடிய வழக்கறிஞர்கள்தாம் இதைச் சொன்னார்கள். எங்களுக்கு அந்தத் திரை வசதி. கைதான ஒருவருக்கு அது என்ன என்பதற்கு, நாங்கள் கூடியிருக்க வேண்டிய சிகாகோவே சாட்சி.

சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில், 1999இல் பெரும்பாலான கடுங்குற்ற வழக்குகளின் ஜாமீன் விசாரணையை மூடிய சுற்றுத் தொலைக்காட்சிக்கு மாற்றினார்கள். நீதிபதி மன்றத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் வேறோர் அறையில் கேமராவின் முன். கொலை, பாலியல் வன்முறை வழக்குகளை மட்டும் நேரிலேயே விசாரித்தார்கள். பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பல ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, திரைக்கு மாறிய வழக்குகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியிருந்தது. நேரில் நடந்த வழக்குகளில் அப்படி ஏறவில்லை. அதை எதிர்த்து வழக்குத் தொடுத்த பிறகு, 2008இல் அந்த முறையைக் கைவிட்டார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே குற்றம், அதே சட்டம். ஆளை நேரில் நிறுத்தாததற்கு அந்த ஆளே பணம் கட்டியிருக்கிறார். கட்ட முடியாதவர்கள் சிறையிலேயே இருந்திருக்கிறார்கள்.

இந்தியாவில் நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167ஆம் பிரிவை எண்ணிப் பார். போலீஸ் காவலுக்கு ஆளை நேரில் நிறுத்தியே தீர வேண்டும். நீதிமன்றக் காவலை நீட்டிக்கத்தான் காணொளி போதும். அந்த வேறுபாட்டை எழுதியவர்களுக்கு நான் கை கூப்புகிறேன். நேரில் நிறுத்தும்போதுதானே முதுகிலுள்ள காயம் மாஜிஸ்திரேட் கண்ணில் படும்? இந்தத் தொற்றுக் காலத்தின் அவசரத்தில் அது கரைந்துவிடாமல் நீங்கள் காவல் காக்க வேண்டும். உங்கள் பார் அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கிளப்பு.

வீட்டுச் செய்தி: மகள் மே மாதம் சட்டப் படிப்பை முடித்துவிட்டாள். வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வு தள்ளிப்போய், இப்போது அக்டோபர் 5, 6 தேதிகளில் வீட்டிலிருந்தபடியே எழுத வேண்டும் என்கிறார்கள். ஜூலை 28 அன்று மிச்சிகனில் இப்படி இணையத்தில் நடந்த தேர்வில், நடுவில் பலரால் உள்ளே நுழைய முடியாமல் போனது. அதிலிருந்து இரவெல்லாம் இணைய இணைப்பைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள். யூட்டா மாநிலம் ஏப்ரலிலேயே, தகுதியுள்ள பட்டதாரிகள் தேர்வின்றித் தொழில் செய்ய வழிவிட்டது. பாதுகாப்பில்லாமல் ஆட்களை ஓர் அரங்கில் அடைத்துத் தேர்வு நடத்தாதீர்கள், தற்காலிக உரிமமாவது கொடுங்கள் என்று இந்தக் கூட்டமும் கேட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் நிறையப் பேர். அவள் என் அருகில் உட்கார்ந்து அந்த வாக்கெடுப்பைப் பார்த்தாள். தீர்மானம் நிறைவேறியதும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

நம் ஊரில் முதலில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, கவுன் போட்டு, பிறகு அகில இந்திய பார் தேர்வை எழுதலாம் என்று அவளிடம் சொன்னேன். நம்பவே மாட்டேன் என்கிறாள். நீ ஒருமுறை அவளைக் கூப்பிட்டுச் சொல். உன் பேச்சைக் கேட்பாள்.

அம்மாவுக்கு என் வணக்கம். மாடிப்படி ஏற விடாதே.

என்றும் அன்புடன்,
உன் வகுப்புத் தோழன்