வெயில் வந்தால் மட்டும் விளைநிலம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பூமி சூடாவதால் கனடா, சைபீரியா, அலாஸ்கா பக்கமெல்லாம் புதிய விளைநிலங்கள் கிடைக்கும், இனிச் சாப்பாட்டுக்குப் பயமில்லை என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. தம்பலகாமத்தில் வயல் செய்கிற எனக்கு அந்தப் பேச்சுத்தான் பயத்தைத் தருகிறது.

அங்குள்ள ஊசியிலைக் காடுகளின் கீழே பெரும்பாலும் பொட்சோல் வகை மண். புளிப்புக் கூடியது, சத்துக் கழுவப்பட்டு வெளிறிப்போனது. சுண்ணாம்பும் எருவும் போட்டுப் போட்டுத்தான் தேற்ற வேண்டும். இன்னும் வடக்கே போனால் நிலத்தடியில் நிரந்தர உறைபனி. காட்டை வெட்டி வெயில் பட விட்டால் உள்ளிருக்கும் பனிக்கட்டி உருகி வயல் குழிகுழியாக இறங்கிவிடும். அலாஸ்காவில் ஃபெயார்பாங்க்ஸ் பகுதிக் கமக்காரர்கள் இதைப் போன நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விடயம் காபன். குளிரில் இலைதழை சரியாக உக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிறது. வடக்கின் உறைபனிப் பிரதேச மண்ணில் மட்டும் இப்படிச் சுமார் 1,500 பில்லியன் தொன் காபன் இருக்கிறது. வளிமண்டலத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிலத்தை வெட்டி உழுதால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கும். காபனீரொட்சைட்டு மேலே போகும். சூடு இன்னும் கூடும். அந்தச் சூட்டில் காய்வது எங்கள் சிறுபோகமும்தான்.

சோவியத் ஒன்றியம் 1954இல் கசகஸ்தானிலும் மேற்குச் சைபீரியாவிலும் கோடிக்கணக்கான ஏக்கர் புல்வெளியை உழுதது. முதலில் நல்ல விளைச்சல். 1960களின் தொடக்கத்தில் மேல்மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. 1963இல் கனடாவிடமே கோதுமை வாங்க வேண்டி வந்தது.

நாங்கள் சமைக்கும் மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தும் வருகிறது. சீனக்குடா ஆலையில் அரைபடும் கோதுமை முழுக்க இறக்குமதி. இதற்கும் மேலாக, இன்னும் உழாத வடக்கு நிலத்தையும் நம்பியிருப்பது சரியல்ல.

நாங்கள் காக்க வேண்டியது எங்கள் மண்ணைத்தான். எங்கள் வெப்பத்தில் மண்ணின் சேதனம், அதாவது உக்கிச் சேர்ந்த இலைதழைச் சத்து, வேகமாகக் கரைந்துபோகிறது. அப்படியிருந்தும் மெசின் வெட்டு முடிந்த கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறோம். பயிர் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பகுதி அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது, ஆயத்தமில்லாத மண் எப்படிக் கைவிடும் என்று பார்த்தோமே.

பெரும்போகத்துக்கு முன்னரே மண் பரிசோதனை செய்து முடிவைக் கமக்காரர் கையில் கொடுக்க, மாவட்டத்தின் கமநல சேவை நிலையங்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். இதை உங்கள் பத்திரிகையும் வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரர்,
தம்பலகாமம், திருகோணமலை