பங்கு விவிலிய வாசிப்பு வட்டம்: ஆண்டறிக்கை (ஜூலை 2024 – ஜூன் 2025)

வணக்கத்திற்குரிய பங்குத்தந்தை அவர்களே, வட்டத்தின் தலைவர் அவர்களே, அருட்சகோதரிகளே, அன்பியப் பொறுப்பாளர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் தீர்மானங்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவற்றை மறுபடியும் வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் ஒருமுறை கூடினோம். மழை மாதங்களில் அதுவும் தவறிப்போனது. எடுத்துச் சொல்லும்படியான வேலை ஜனவரியில்தான் தொடங்கியது.

பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாகக் கொண்டாடும்படி 2019 செப்டம்பர் 30 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பணித்தார். இவ்வாண்டு அது ஜனவரி 26, குடியரசு தினத்தன்றே வந்தது. பள்ளி மைதானத்தில் கொடியேற்றிவிட்டு அப்படியே கோவிலுக்கு வந்தோம். அன்றைய முதல் வாசகம் நெகேமியா எட்டாம் அதிகாரம். எஸ்ரா மேடைமீது நின்று காலை முதல் நண்பகல் வரை திருச்சட்ட நூலை வாசிக்கிறார், கேட்டவர்கள் அழுகிறார்கள், அழவேண்டாம், போய் உண்டு மகிழுங்கள், இல்லாதவர்களுக்கும் அனுப்பிவையுங்கள் என்று எஸ்ராவும் உடனிருந்தவர்களும் அவர்களைத் தேற்றுகிறார்கள். திருப்பலி முடிந்ததும் சர்க்கரைப் பொங்கல் செய்து, கோவிலுக்கு வர முடியாத முதியோர் வீடுகளுக்கு அனுப்பினோம். அன்று மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள், தவக்காலத்தில் குருத்து ஞாயிற்றுக்கு முன் ஆறு வியாழன், வாரத்துக்கு நான்கு அதிகாரம். இது லூக்காவின் ஆண்டு (ஞாயிறு நற்செய்தி பெரும்பாலும் லூக்காவிலிருந்து வரும் ஆண்டு) என்பதால், அதை முழுவதும் வாசித்துவிடலாமே என்றார். பங்குத்தந்தை உடனே சம்மதித்தார். மார்ச் 5 திருநீற்றுப் புதன். மறுநாள் மாலையே அமர்ந்துவிட்டோம்.

முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. நம் அன்பியங்களில், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்களில், பழக்கமான ஏழு படி நற்செய்திப் பகிர்வு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி ஆசியா முழுவதும் பரவியது. இறைவனை அழைப்பது, வாசிப்பது, மனத்தில் தைத்த சொல்லை வாய்விட்டுச் சொல்வது, அமைதி காப்பது, பகிர்வது, செயலைத் தீர்மானிப்பது, மன்றாடுவது என்று அதன் வரிசை. பத்து வசனத்துக்கு அது பொருந்தும். நான்கு அதிகாரத்துக்குப் பொருந்தாது. ஆகவே முதலில் நான்கு அதிகாரங்களையும் ஆள் மாற்றி ஆள் சத்தமாக வாசிப்பது, பிறகு ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் ஏழு படி என்று வைத்துக்கொண்டோம். வாசிப்பே அரை மணியைத் தாண்டும். சலிப்பு வரும் என்று சிலர் பயந்தார்கள். ஆறு வாரமும் கேட்ட பிறகு சொல்கிறேன், வந்தவர்களைக் கட்டிப்போட்டது அந்த அரை மணிதான்.

கத்தோலிக்கருக்கு விவிலியம் தெரியாது என்று பிறரும் சொல்கிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறோம். அது பாதி உண்மை. நம்மவர்கள் காதால் நிறையவே அறிந்திருக்கிறார்கள். சிலுவைப்பாதை, பெரிய வெள்ளியன்று பாடப்படும் பாடுகளின் வரலாறு, ஒரு காலத்தில் ஊர் ஊராக நடந்த வாசாப்பு நாடகம் எல்லாம் காது வழியே வந்தவை. வட்டத்தில் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். பூசை லத்தீனில் நடந்த காலத்தில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியவர். பதினான்கு தலங்களும் புத்தகமில்லாமல் அவர் நாவில் நிற்கும். மார்ச் மாதம் வரை அவர் தம் கையால் விவிலியத்தைத் திறந்ததே இல்லை. வீட்டில் அது பீடத்தின்மேல் துணி போர்த்தி இருந்தது. முதல் வியாழனன்று பெரிய எழுத்துப் பதிப்பு ஒன்றை மடியில் வைத்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, மரியாவின் பாடலை எழுத்துக் கூட்டி வாசித்தார். நடுவில் நிறுத்தி, "இது நான் தினமும் சொல்லுகிற செபமல்லவா, இங்கேயா இருக்கிறது?" என்று கேட்டார். பேரன் வயதுப் பையன்கள்கூடச் சிரிக்கவில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத்திரட்டை 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்டது. கிறிஸ்தவர் எல்லாருக்கும் மறைநூல் எளிதில் எட்டவேண்டும் என்று அது சொல்லி வரும் நவம்பரில் 60 ஆண்டு நிறைகிறது. பீடத்துத் துணி இன்னும் பல வீடுகளில் எடுக்கப்படவில்லை என்பதைச் செயலர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

அதிகம் பேசப்பட்டது மார்ச் 27 கூட்டம். அன்றைய பகுதி பதின்மூன்று முதல் பதினாறு வரை. காய்க்காத அத்திமரத்துக்குச் சுற்றிலும் கொத்தி எருப் போடும் இடத்தில், வாழை பயிரிடும் நம் உறுப்பினர் ஒருவர் எந்த எரு, எத்தனை நாள் என்று தொடங்கி எல்லாரையும் சிரிக்க வைத்தார். பதினைந்தாம் அதிகாரத்தின் ஊதாரி மகன் உவமை வந்ததும் சிரிப்பு நின்றது. அப்பா உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்கும் மகனைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை. கேஸ் நடக்கும் வீட்டுக்காரர்கள் இரு தரப்பும் அந்த அறையில் இருந்தார்கள். பெற்றோரைக் கடைசிவரை வைத்துப் பார்த்த ஓர் உறுப்பினர் எழுந்து, "நியாயம் மூத்தவன் பக்கம்தான் இருக்கிறது, ஒரு ஆட்டுக்குட்டிகூட அவனுக்குக் கொடுக்கவில்லையே" என்றார். பாதிப் பேர் தலையசைத்தார்கள். இன்னொரு அம்மா, இளையவன் பன்றி மேய்த்துப் பட்டினி கிடந்ததை மறந்துவிட்டீர்களே என்று மறுத்தார். பேச்சு உவமையை விட்டு ஊருக்குள் வந்துவிடுமோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம். அப்போது, எல்லாக் கூட்டத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஓரமாக உட்காரும் கோவில்பிள்ளை, கேட்டதோ இல்லையோ என்கிற குரலில் சொன்னார்: "ரெண்டு பேருக்காகவும் தகப்பன் வெளியே வந்திருக்கிறார், பாருங்கள். ஒருத்தனுக்கு ஓடி வந்தார், ஒருத்தனுக்குக் கெஞ்சிக்கொண்டு வந்தார்." மூத்தவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. நாங்களும் அதற்குமேல் பேசாமல் மன்றாட்டுக்குப் போய்விட்டோம். ஞாயிறன்று அதே வாசகம் கோவிலில் படிக்கப்பட்டபோது பின்வரிசையில்கூடக் கசமுசாச் சத்தம் இல்லை.

இதற்கு மாறாக நடந்ததும் உண்டு. ஒரு வாரம் வெளியிலிருந்து சொற்பொழிவாளர் ஒருவரை அழைத்தோம். நன்கு படித்தவர், பேச்சும் சுவைதான். ஆனால் நான்கு அதிகாரங்களுக்குப் பதில் அவரை மட்டுமே கேட்டோம், அதுவும் இரவு ஒன்பதரை வரை. அடுத்த வாரம் கூட்டம் பாதியாகக் குறைந்தது. பொதுத்தேர்வு நடப்பதால் குறைந்தது என்றார்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்காரர்களும் வரவில்லை என்பது வருகைப் பதிவேட்டில் தெரிகிறது. வாசிப்பு வட்டத்தில் பிரசங்கம் வேண்டாம் என்ற செயற்குழுவின் பரிந்துரையைப் பொதுக்குழு ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் தெருக்களில் கத்தோலிக்கர் வீடும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீடும் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கின்றன. நம்மவர்களில் சிலர் பல ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டு லெந்துகால (தவக்கால) கூட்டத்துக்குப் போய்த்தான் வேதம் வாசித்து வந்தார்கள். அதைப் பங்குப்பேரவையில் குற்றமாகப் பேசியதும் உண்டு. பசித்தவன் சோறு இருக்கும் வீட்டுக்குப் போகிறான். அவனை ஏசி என்ன பயன்? இவ்வாண்டு அதே அண்டை வீட்டார் நம் கூட்டத்துக்கு வந்தார்கள். தங்கள் பழைய மொழிபெயர்ப்பையே கொண்டுவந்து, நாம் வாசிக்கும்போது விரல் வைத்துத் தொடர்ந்தார்கள். கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-இலேயே வெளிவந்துவிட்டது. ஒரே அறையில் சேர்ந்து உட்கார நமக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. தர்மம் பற்றிப் பேசும்போது நம்மவர் ஒருவர் தோபித்து நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுத்தார். செபம், நோன்பு, தர்மம் மூன்றும் அங்கே ஒன்றாக வருகின்றன. அவர்களுடைய விவிலியத்தின் 66 நூல்களில் தோபித்து இல்லை. வாக்குவாதம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அதைக் கடன் வாங்கிக்கொண்டு போய் முழுவதும் வாசித்துவிட்டு, நாயும் கூடவே பயணம் போகிறதே என்று ரசித்துச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சிறு செய்திகள் சில. ஒருசந்தி (ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு) இருப்பவர்கள் இருக்கும்போது வடை, பஜ்ஜி வேண்டாம், சுக்குக்காப்பி போதும் என்று முடிவாயிற்று. வடையை ஆதரித்தவர்களின் பெயர் பதிவேட்டில் இல்லை, கவலை வேண்டாம். மிச்சப்பட்ட பணத்தோடு இருவர் தந்த நன்கொடையும் சேர்த்துப் பெரிய எழுத்து விவிலியங்கள் வாங்கினோம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையோடு மோதாமல் வியாழனை வைத்தது நல்லதாயிற்று. ஆண்கள் வருகை வழக்கம்போலக் குறைவு. வந்தவர்களும் வாசலருகே நாற்காலி தேடுகிறார்கள்.

ஏப்ரல் 20 உயிர்ப்புப் பெருவிழா. மறுநாள் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்த செய்தி வந்தது. அந்த வியாழன் விடுமுறை என்று சொல்லியிருந்தும் பலர் தாமாகவே வந்தார்கள். இரங்கல் உரை எதுவும் வைக்கவில்லை. எம்மாவு வழியில் இருவர் நடந்த பகுதியை வாசித்து, செபமாலை சொல்லிக் கலைந்தோம். மே 8 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்ட இரவு, அவருக்காக அன்பியங்களில் மன்றாடினோம்.

அதன்பின் வருகை சரிந்தது. தவக்காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோரை மே, ஜூன் மாதங்களில் காணவில்லை. வெயில், திருமணங்கள், பள்ளித் திறப்பு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. என் கருத்து வேறு. தவக்காலத்தில் என்று தொடங்கி என்று முடியும் என்பது தெரிந்திருந்தது. இன்ன வாரம் இன்ன அதிகாரம் என்று அட்டை அச்சிட்டு வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தோம். உயிர்ப்புக்காலத்தில் அப்படி எதுவும் கொடுக்கவில்லை. திருத்தூதர் பணிகள் 28 அதிகாரம், லூக்கா எழுதிய இரண்டாம் பாகம். ஆகஸ்டு முதல் அதையே அட்டை போட்டுத் தொடங்கலாம் எனச் செயற்குழு கருதுகிறது.

வரும் ஆண்டு மத்தேயுவின் ஆண்டு. 2026-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18 அன்றும், குருத்து ஞாயிறு மார்ச் 29 அன்றும் வருகின்றன. மத்தேயுவிலும் 28 அதிகாரம் இருப்பதால் ஏழு வியாழன் வேண்டும். ஆகவே தவக்காலத்துக்கு ஒரு வாரம் முன்பே, பிப்ரவரி 12 வியாழனன்று தொடங்கி மார்ச் 26 அன்று முடிக்கலாம். தலைமுறை அட்டவணையில் தொடங்கும் நூல் என்பதால், முதல் அதிகாரத்தின் பெயர்களைத் திக்காமல் வாசிக்கக்கூடியவர் யார் என்பதை இன்றே முடிவு செய்துவிடுவது நல்லது. பாட்டி தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். வேறு யாரும் விரும்பினால் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
செயலர்