உத்தேச விடையைக் கடைசியிலா போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் 4,867 × 32-க்கு உத்தேச விடை கேட்டிருந்தார்கள். முதலில் சரியான விடை 1,55,744-ஐக் கண்டுபிடித்து, பிறகு அதை ஆயிரத்துக்கு முழுதாக்கி 1,56,000 என்று எழுத வேண்டுமாம். சரியான விடை கைக்கு வந்த பிறகு உத்தேசம் எதற்கு? கணக்கு வாத்தியாராகக் காலம் தள்ளியவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

5,000 × 30 = 1,50,000 என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு, அதன்பிறகுதான் பெருக்கவே தொடங்க வேண்டும். இந்தக் கணக்கில் பிள்ளைகள் சறுக்குவது இரண்டாவது வரியில். 2-ஆல் பெருக்கினால் 9,734. 3-ஆல் பெருக்கி வரும் 14,601-ஐ ஓர் இடம் தள்ளி எழுதாமல் நேருக்கு நேர் வைத்துக் கூட்டிவிடுவார்கள், 24,335 வரும். கூட்டலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் கூட்டல் சரிதான். ஓரத்தில் 1,50,000 இருந்தால் மட்டுமே பிள்ளைக்குச் சந்தேகம் வரும். 4,218 ÷ 6-ல் நடுச் சுழியத்தை விட்டு 73 என்று எழுதுவதும் இதே கதைதான். 4,200-ஐ 6-ஆல் வகுத்தால் 700 என்று முன்பே தெரிந்தவன் 703-க்குப் பதில் 73 எழுத மாட்டான்.

இணைப்பின் விடைப் பகுதியில் எப்போதும் ஒரே ஓர் எண்ணைத்தான் போடுகிறார்கள். 24 × 64-க்கு 20 × 60 = 1,200 என்றிருந்தது. சரியான விடை 1,536. இரண்டு எண்களையும் கீழே இறக்கினால் குறை பெருகத்தான் செய்யும். ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கி 25 × 60 = 1,500 என்று போடும் பிள்ளை கூடுதலாக யோசித்திருக்கிறது; தங்கள் விடைப்படி அதற்கு மதிப்பெண் இல்லை. கூட்டலிலும் அப்படியே. 348 + 249 + 447 + 146-ஐ நூறுக்கு முழுதாக்கினால் எல்லாமே கீழே இறங்கி 1,000 ஆகிவிடும். மீதியாக நிற்கும் 48, 49, 47, 46 நான்கும் ஏறக்குறைய 50 என்று பார்த்து 200 சேர்த்தால் 1,200, உண்மை 1,190. 3,157 ÷ 82-க்கு 3,200 ÷ 80 என்று வசதியாக வகுபடும் எண்களைத் தேடுவதுதான் முறை. இதெல்லாம் ஆசிரியர் அவர்களுக்குத் தெரியாததல்ல.

எந்தப் பக்கம் முழுதாக்குவது என்பதைக் காரியம்தான் தீர்மானிக்கும். 210 மாணவர்கள் சுற்றுலா போக 52 இருக்கைப் பேருந்து எத்தனை வேண்டும்? 200 ÷ 50 = 4 என்று நிறுத்தினால் இரண்டு பிள்ளைகளுக்கு இடமிருக்காது. பேருந்தில் 208 பேர்தான் உட்கார முடியும்.

சொல்ல வந்ததோடு பழையதையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. இதை லட்சத்துக்கு முழுதாக்கி 7,22,00,000 என்று அச்சிட்டிருந்தீர்கள். முதலில் பத்தாயிரத்துக்கு முழுதாக்கி 7,21,50,000 ஆக்கி, அதை மறுபடி லட்சத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். முழுதாக்கல் ஒரே தடவைதான். பத்தாயிரம் இடத்தில் 4 இருப்பதால் 7,21,00,000-தான் விடை. அப்போதே எழுதினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. செய்திப் பக்கங்களிலோ 'சுமார் 1,237 பேர் பங்கேற்றனர்' என்பது போன்ற வரிகள் இன்றும் வருகின்றன. கடைசி ஆள் வரை எண்ணியாகிவிட்டதென்றால் சுமார் எதற்கு? எண்ணவில்லையென்றால் 1,200 என்று போடலாமே. பிள்ளைகள் அந்தப் பக்கங்களையும்தான் படிக்கிறார்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த வார இணைப்பில் ஒரு சிறு கட்டத்தில், உத்தேச விடையை முதலில் எழுத வேண்டும் என்ற ஒரு வரியையும், 24,335 என்ற தவறான விடை எப்படி வருகிறது என்பதையும் போட்டால் போதும். இந்தத் தடவையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம்.