காவிரியோடு கிழக்கே ஒரு கோடை சைக்கிள் பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வுகள் முடியும் இந்நாட்களில், பல ஊர்களின் சைக்கிள் குழுக்கள் கோடைப் பயண அறிவிப்புகளை வெளியிட்டு வருகின்றன. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி வரை சென்று திரும்புவது, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிப்பது என்று அவை பெரும்பாலும் உடல் வலிமையையும் விலை உயர்ந்த கியர் சைக்கிளையும் நம்பியே வகுக்கப்படுகின்றன. அந்தச் சாதனைகளை நான் மதிக்கிறேன். ஆனால், பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு தந்த விலையில்லா மிதிவண்டியை வைத்திருக்கும் மாணவிக்கும், தினமும் கடைக்கும் வயலுக்கும் சைக்கிளிலேயே போய்வரும் பெரியவருக்கும் அவற்றில் இடமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட மாநிலம் இது. இங்கே ஒரு கோடைப் பயணம், கியர் இல்லாத சைக்கிளில் வருபவரையும் சேர்த்துக்கொண்டு போகும்படி திட்டமிடப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அதற்கு ஏற்ற தடம் காவிரிப் படுகையில் இருக்கிறது. திருச்சி அருகே உள்ள முக்கொம்பில் புறப்பட்டு, திருவானைக்காவல் வழியாகக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே வாழைத் தோட்டங்களை ஒட்டிச் செல்லும் சாலையில் கல்லணை, அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியே திருவையாறு, பிறகு கும்பகோணம், மயிலாடுதுறை, கடைசியில் ஆறு கடலில் கலக்கும் பூம்புகார் என்று, ஆறு போகும் திசையிலேயே நாமும் போகலாம். மேடு என்று சொல்லத்தக்க ஏற்றம் வழியில் எங்கும் கிடையாது. மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கும் வைகாசியில் கிழக்கு நோக்கி மிதிப்பவருக்குக் காற்றும் முதுகுப்புறமாக நின்று உதவும். இந்த ஊர்களையே இரவுத் தங்கல்களாக வைத்துக்கொண்டால் எந்த நாளின் தூரமும் 40 கிலோமீட்டரைத் தாண்டாது. கும்பகோணத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் குதிரைகள் இழுக்கும் தேராகவே செதுக்கப்பட்ட மண்டபத்தையும், சுவாமிமலையில் காவிரியின் வண்டல் மண்ணை மெழுகு உருவத்தின் மேல் பூசி அச்செடுத்து ஐம்பொன் சிலை வார்க்கும் பட்டறைகளையும் பிள்ளைகள் நிதானமாகப் பார்க்க முடியும்.

தூரத்தைவிட நேரத்தைத்தான் கண்டிப்பாக வகுக்க வேண்டும். கத்தரி வெயில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வரை நீடிப்பதால், காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் அன்றைய தங்கலை அடைந்துவிடுவது நல்லது. கியர் இல்லாத சைக்கிளில் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போனாலே இது இயலும். பகல் முழுவதும் நிழலில் இருந்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் தங்கியிருக்கும் ஊரைச் சுற்றி ஒரு சிறு வலம் போகலாம். பயணத்தின் உயிர் இந்த மாலை வலத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். குளக்கரையில் சைக்கிளை நிறுத்தியதும் உள்ளூர்ப் பிள்ளைகள் தத்தம் சைக்கிள்களோடு வந்து சேர்ந்துகொள்வார்கள். எந்த மதகு எந்த ஊருக்குப் பாய்கிறது, எந்தக் கடையில் பானகம் கிடைக்கும் என்பதை அவர்களே சொல்லிக்கொண்டு முன்னே போவார்கள். அவர்களை மறுநாள் காலை அடுத்த ஊர் எல்லை வரை உடன் வரும்படி அழைப்பதையும், திரும்பும்போது அவர்களுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவரை அனுப்புவதையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

குழு போகும் வேகத்தை மெதுவாக வருபவரே முடிவு செய்யட்டும். அனுபவமுள்ள ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும். அவருக்குப் பின்னால் யாரும் விடுபட்டிருக்கக் கூடாது. தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்கப் பழக்குவதும், நீர்மோரும் நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் வழியில் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பதும் அவர் பொறுப்பில் இருக்கலாம். தலைசுற்றல் என்று யாராவது சொன்னால் அன்றைய ஓட்டம் அவருக்கு அத்துடன் முடிந்தது. அவரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ள ஒரு சரக்கு வாகனம் பின்னால் வந்தாக வேண்டும்.

தங்குமிடத்துக்குத் திருமண மண்டபங்களை நம்ப வேண்டாம். முகூர்த்த மாதங்களான சித்திரையிலும் வைகாசியிலும் அவை கிடைப்பது அரிது. விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கட்டடங்களைக் கல்வித் துறையின் அனுமதியோடு கேட்டுப் பெறலாம். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறையும் பூட்டுள்ள கழிப்பறையும் இருக்கின்றனவா என்பதை ஏற்பாட்டாளர்கள் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆசிரியைகளையோ தாய்மார்களையோ உடன் அழைத்துச் சென்றால்தான் பெற்றோருக்கு அனுப்ப மனம் வரும். ஊர் திரும்பும்போது சைக்கிள்களை ரயிலில் பார்சலாகப் பதிய வேண்டியிருக்கும் என்பதால், மயிலாடுதுறை சந்திப்பின் பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே பேசி வைப்பது உத்தமம்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காவிரியில் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதிதான் குறுவை நெல் சாகுபடிக்காகத் திறக்கப்படுகிறது. எனவே இப்போது வருபவர்கள் காணப்போவது அகன்ற மணல்வெளியையும், வயல்களில் பருத்தியையும், பம்புசெட் வசதியுள்ள இடங்களில் பச்சை விட்டிருக்கும் குறுவை நாற்றங்கால்களையும்தான். அதுவும் காணத்தக்க காட்சியே. ஆறு எத்தனை அகலமானது என்பது அது வற்றிக் கிடக்கும்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிகிறது. அணையில் நீர் இருப்பு போதுமானதாக இருக்கும் ஆண்டுகளில், ஜூன் பாதிக்கு மேல் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதே குழு மீண்டும் கல்லணையில் கூடி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று நீர் பிரிந்து போவதைப் பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம்.

இங்கே அரசின் கவனத்துக்கு வர வேண்டிய குறை ஒன்று உண்டு. ஆற்றங்கரைப் பாதைகள் சைக்கிளுக்கென்றே அமைந்தவை போல நிழலும் அமைதியும் கொண்டவை. ஆனால் பல இடங்களில் சீமைக் கருவேலம் மண்டி, முறிந்து விழுந்த முட்கள் பாதையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும் அந்த முள்ளுக்கு டயர் எம்மாத்திரம்? பஞ்சர் ஒட்டியவுடன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்த்து, உடைந்து நிற்கும் முள் முனையைக் குறடால் பிடுங்காவிட்டால், அடுத்த மைலுக்குள் டியூபில் மீண்டும் காற்று இறங்கிவிடும். வழியில் பஞ்சர் கடைகளும் அருகிவிட்டதால், முள்ளுக்கு அஞ்சியே குழுக்கள் லாரிகள் விரையும் நெடுஞ்சாலைக்குப் போய்விடுகின்றன.

மேட்டூர் திறப்புக்கு முன்பாக, கோடையில் நீர்வளத் துறை படுகையின் ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாருகிறது. பொக்லைன் இயந்திரங்கள் கரையில் நிற்கும் அந்த நாட்களிலேயே, அள்ளிக் கொட்டும் மண்ணைக் கரையின் மேல் குவியலாக விட்டுவிடாமல் சமன்படுத்தி, ஓரத்துக் கருவேல மரங்களை வேரோடு அகற்றினால், சைக்கிள் பயணிகளுக்கு மட்டுமின்றி, ஆண்டு முழுவதும் அந்தக் கரைகளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் அறுவடைக்குப் போகும் பெண்களுக்கும் அது நல்ல பாதையாகும். எந்தக் கரையில் எந்த வாரம் பணி நடக்கிறது என்ற விவரத்தை நீர்வளத் துறையின் கோட்ட அலுவலகங்கள் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்றும், அதைத் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் வாரம் ஒருமுறை பிரசுரித்து உதவ வேண்டும் என்றும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கும்பகோணம்.