தோற்றவர் பெயரில் கப்பல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலே இல்லாத மதுரையில் ஷேர் ஆட்டோவுக்குக்கூட 'பாண்டி முனி துணை' என்று எழுதிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறோம். கப்பல்காரர்கள் பெயர் வைத்த லட்சணத்தைப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தில் டைட்டன்கள், ஒலிம்பியர்கள் என்ற தெய்வங்களிடம் தோற்றுப் பாதாளத்தில் அடைபட்டவர்கள். அவர்கள் பெயர்கொண்ட டைட்டானிக் 1912இல் முதல் பயணத்திலேயே மூழ்கியது. அதன் அக்கா ஒலிம்பிக்கோ 1935 வரை ஓடியது!

பிரிட்டிஷ் கடற்படைக்கு 'இன்வின்சிபிள்' மேல் தனி மோகம். வெல்லமுடியாதது என்று பொருளாம். அந்தப் பெயர்கொண்ட கப்பல்கள் 1758இலும் 1801இலும் மணல்திட்டில் சிக்கி அழிந்தன. முதல் உலகப்போரில், 1916 ஜட்லாண்ட் கடற்போரில் இன்னொன்று வெடித்துச் சிதறியதில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் தப்பியவர்கள் ஆறே பேர். பிறகும் விடவில்லை. அதே பெயரில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பல் அர்ஜென்டினாவுடனான 1982 ஃபாக்லாந்துப் போருக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது.

– வாசகர், திருப்பரங்குன்றம்