‘புரிஞ்சுதா?’ என்று கேட்டது போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிக் கணித வகுப்பில் பிள்ளைகள் செல்போனிலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று உங்கள் இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் பி.எஸ்சி. வகுப்புக்குக் கணிதம் நடத்தியவன் நான். செல்போன் வருவதற்கு முன்பே என் வகுப்பில் தூங்கினார்கள். ஏப்ரல் வெயிலில், சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் மணியில், எல்லை, தொடர்ச்சி என்று எல்லாவற்றையும் நிரூபித்துக் காட்டும் ரியல் அனாலிசிஸ் என்றால் யாருக்குத்தான் கண் சொருகாது?

நிரூபணத்தைப் பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பி, “புரிஞ்சுதா?” என்பேன். முன்பெஞ்சு மட்டும் தலையாட்டும். மற்றவர்கள் அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் என்று பஸ் பிடித்து வருகிறவர்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர்கள். சந்தேகத்தை இங்கிலீஷில் கேட்க வேண்டுமே என்றுதான் பலர் வாயே திறக்கவில்லை. அதை அலட்சியம் என்று நினைத்து நான் திட்டியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இடையில் விட்டுப்போகாமல் ஓடும் கோடு கீழிருந்து மேலே போனால், நடுவில் உள்ள எல்லா உயரத்தையும் தொட்டே தீரும் என்பதுதான் இடைமதிப்புத் தேற்றம். ஒருநாள் அதற்குப் பதிலாக ஒரு கதை சொன்னேன். ஒருவர் காலை 6 மணிக்கு வள்ளிமலை அடிவாரத்தில் கிளம்பி 7 மணிக்கு உச்சிக்குப் போகிறார். இரவு அங்கேயே தங்கிவிட்டு, மறுநாள் அதே 6 மணிக்கு, அதே வழியில் இறங்கத் தொடங்கி 7 மணிக்கு அடிவாரம் சேர்கிறார். இரண்டு நாளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அவர் இருந்தே தீர வேண்டுமா? ‘ஆம்’, ‘இல்லை’, ‘சொல்ல முடியாது’ – கை தூக்குங்கள் என்றேன். பெரும்பாலோர் ‘சொல்ல முடியாது’. வழியில் உட்கார்ந்து இளைப்பாறினால் கணக்கு மாறிவிடுமாம். சரி, பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலேயே சண்டை போடுங்கள் என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “ரெண்டு பேர் ஒரே நாள்ல ஒருத்தர் ஏற, ஒருத்தர் இறங்கற மாதிரி வச்சுக்கலாம் சார். வழியில சந்திச்சுத்தானே ஆகணும்?” என்றாள். உடனே ஒரு பையன், “ரெண்டு பேரும் படி விட்டுப் படி தாவினா?” என்றான். தாவினால் சந்திக்காமலே கடந்துவிடலாமே! தொடர்ச்சி, அதாவது இடையில் தாவல் கூடாது, என்ற நிபந்தனை ஏன் வேண்டும் என்று நான் வருடக்கணக்கில் எழுதிப்போட்டும் ஏறாதது, அந்த ஒரு கேள்வியில் ஏறிவிட்டது. போல்சானோ என்ற கணித அறிஞர் 1817-ல் நிறுவிய இந்தத் தேற்றத்தை அன்று அவர்களே பாதி நிறுவிவிட்டார்கள். பிறகு நான் எழுதிய நிரூபணத்தை ஒருவர்கூடத் தூங்காமல் கேட்டார்கள்.

எல்லா நாளும் இப்படி வாய்க்கவில்லை. சில கேள்விகள் பொசுக்கென்று அணைந்துபோயின; சில வெறும் அரட்டையில் முடிந்தன. ஆனாலும் இது என் ஒருவனின் பிரமை அல்ல. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளை அமெரிக்காவில் தொகுத்து 2014-ல் வெளியிட்டார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 சதவீதம் தோல்வி. வகுப்பிலேயே பேசியும் கணக்குப் போட்டுப் பார்த்தும் படித்தவர்களில் சுமார் 22.

அப்படியானால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? போர்ஷன்தான். தாளுக்கு ஐந்து யூனிட். நான் வள்ளிமலையில் 20 நிமிடம் செலவழித்தால் ஐந்தாவது யூனிட்டை சனிக்கிழமை ஓட்டமாக ஓட்ட வேண்டும். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு கணிதத் தாளிலும் ஒரு யூனிட்டைக் குறைத்து, அந்த மணி நேரத்தை விவாதத்துக்கென்று பாடத்திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பரீட்சையை இங்கிலீஷில் எழுதட்டும். விவாதம் தமிழில் நடக்கலாம் என்று அதிலேயே ஒரு வரியும் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
காட்பாடி.